பதினொரு கியரில் ஏறிய மலை

கல்முனை வான் தரிப்பிடத்தில் இப்போது நிற்கிற வான்களில் பாதிக்குக் கிளச் கிடையாது. சாரதிமார் வலது காலால் மட்டும் ஓட்டுகிறார்கள். இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. போன கிழமை அங்கே தேத்தண்ணி குடிக்கப் போன இடத்தில் இரண்டு மூன்று சாரதிமார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஆதம்பாவா காக்கா, அந்தக் காலத்தில் ஐந்து கியரையும் கையால் மாற்றி மாற்றி ஓட்டினீர்களே, அலுக்கவில்லையா என்று கேட்டார்கள். மாற்றினால்தானே அலுப்பதற்கு! நான் ஓட்டிய வானில் கியர் மாற்றவே விடமாட்டார்கள் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். பகிடி இல்லை. இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் ஓட்டப் பழகியது சம்மாந்துறை வயலில், உழவு மெசினில். பழக்கியவர் என் மச்சான். கியரைப் போடு, கிளச்சை விடு, கலிமாவைச் சொல்லு. இவ்வளவுதான் அவருடைய பாடம். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்து ஒரு வரம்பை உடைத்தேன், ஒரு வாய்க்காலுக்குள் இறங்கினேன், மூன்றாம் மாதம் சாரதி ஆனேன். லைசன் இரண்டாம் தடவைதான் கிடைத்தது. முதல் தடவை ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லமாட்டேன். பின்னால் ஒரு மதில் நின்றது, அது எனக்குத் தெரியவில்லை என்பதோடு விடுவோம்.

அதற்குப் பிறகு ஹாஜியாரிடம் சேர்ந்தேன். அவருக்குச் சாய்ந்தமருதில் புடவைக்கடை, சம்மாந்துறைப் பக்கம் வயல், கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஓடுகிற ஒரு வான். கடையையும் வயலையும் பார்க்க ஆள் வைத்திருந்தார். வானை மட்டும் ஆளை நம்பி விடமாட்டார். வாரத்தில் மூன்று நாளாவது முன் ஆசனத்தில், எனக்கு இடப்பக்கம் வந்து ஏறிக்கொள்வார். அவருக்கு இடது கண் இல்லை. இளவயதில் வயலில் நெல் சூடடிக்கும்போது வைக்கோல் குத்திப் போனது. வலது கண்ணிலும் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. அதற்கும் சேர்த்துக் காது வேலை செய்தது. ரயரில் காற்றுக் குறைவதைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவார்.

முதல் நாள் ஏறியபோது அவருடைய இரண்டு கைகளிலும் ஒவ்வொரு சின்னக் கருவி இருந்தது. விரலில் மாட்டிக்கொண்டு பெருவிரலால் அழுத்தினால் இலக்கம் ஒன்று ஏறும். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் திக்ர் எண்ண வாங்கி வருவார்களே, அது. இரண்டு கையாலும் திக்ர் செய்கிற மனிதரைக் கண்டதேயில்லை, நல்ல இடத்தில்தான் சேர்ந்திருக்கிறேன் என்று மனதுக்குள் அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்தேன். பொத்துவிலில் போய் நிறுத்தியதும் இடது கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, அதில் என்ன இலக்கம் என்று கேட்டார். நூற்று எண்பத்தி நான்கு என்றேன். முகம் கறுத்துப் போனது.

"வலக்கை அல்லாஹ்வுக்கு. இடக்கை டீசலுக்கு. இவ்வளவு கியர் மாத்தினா நான் எப்படிடா வான் ஓட்டுற?"

அவருடைய சித்தாந்தம் இதுதான். ஒவ்வொரு தடவை கிளச்சை மிதிக்கும்போதும் இஞ்சின் ஒரு மிடறு டீசலைச் சும்மா விழுங்கும். ஆகவே கியர் மாற்றுவதைக் குறைத்தால் டீசல் மிஞ்சும். யார் சொன்னது என்று கேட்டேன். யார் சொல்லவேண்டும், கேட்டால் விளங்கவில்லையா, அது விழுங்குகிற சத்தம் என்றார். கிளச்சை மிதித்தால் இஞ்சினில் இருக்கிற சுமை கழன்று ஒரு தரம் உறுமும். அதைத்தான் அவர் விழுங்குகிற சத்தம் என்று வைத்துக்கொண்டார். முதலாளியோடு முதல் நாளே தர்க்கம் செய்ய எனக்கு என்ன பைத்தியமா? சரி என்றேன்.

அடுத்த நாளிலிருந்து நான் கியரைக் கஞ்சத்தனமாகப் பாவிக்கத் தொடங்கினேன். ஆள் நிறைந்திருந்தாலும் இரண்டாம் கியரில் எடுப்பேன். எக்ஸிலேட்டரைத் தடவுகிற மாதிரி மிதித்து, வேகம் வந்ததும் மூன்றை விட்டுவிட்டு நேரே நான்குக்குத் தாவுவேன். அங்கிருந்து ஐந்து. இடக்கையில் இரண்டே இரண்டு இலக்கம். ஐந்துக்குப் போனபின் அதிலிருந்து இறங்காமல் இருப்பதுதான் பெரிய வேலை. காரைதீவில் ரோட்டுக்குக் குறுக்கே மாடு படுத்திருந்தால் தூரத்திலேயே காலை எடுத்துவிடுவேன். வான் தானாக உருண்டு போய்ச் சேர்வதற்குள் மாடு எழும்பிவிட்டால் கியர் மிச்சம். எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும், நிந்தவூரில் ஜும்ஆ எப்போது முடியும், எந்த பஸ் ஹோல்ட்டில் எந்த மனுசி கடைசி நேரத்தில் ஓடிவந்து மறிப்பா, எல்லாம் மனப்பாடம். பிரேக்கையே மறந்து போனேன்.

சனங்கள் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். இரண்டாம் கியரில் ஆட்டத்தோடு எடுத்து நான்குக்குத் தாவினால் வான் கொஞ்ச நேரம் யோசிக்கும். அந்த இடைவெளியில் ஓட்டோ முந்தும், மோட்டார் சைக்கிள் முந்தும். ஒரு நாள் தயிர்ச் சட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்தினார், முந்தும்போது என்னைப் பார்த்துத் தலையையும் அசைத்தார். ஆலையடிவேம்பிலிருந்து வந்து போகிற ஒரு வாத்தியாரம்மா பின்னாலிருந்து கேட்டா: "தம்பி, நான் இறங்கி அந்தத் தயிர்க்காரரோட போகட்டா?" வான் முழுக்கச் சிரித்தது. ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய பெருவிரல் இடது கருவியின் மேல் காத்துக்கொண்டிருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். கரையோரத்தில் எங்கள் வான் குடித்ததைவிடக் குறைவாக வேறெந்த வானும் டீசல் குடிக்கவில்லை. அதற்குக் காரணம் அந்த மிடறுக் கதை இல்லை. வேகத்தைக் கஷ்டப்பட்டு ஏற்றுவதும் பிரேக் பிடித்து அதை வீணாக்குவதும்தான் டீசலைத் தின்னும். எண்ணுகிறாரே என்ற பயத்தில் நான் அந்த இரண்டையும் விட்டுவிட்டேன். அத்தோடு எங்கள் பகுதி கைவிரித்த மாதிரிச் சமதரை. மேடு என்றால் பாலம்தான். அதனால் பிழையான சித்தாந்தம் சரியான பலனைத் தந்துகொண்டிருந்தது. பொத்துவிலிலிருந்து திரும்பும்போதெல்லாம் டீசல் முள் எங்கே நிற்கிறது என்று என்னிடம் கேட்டுவிட்டு, பார்த்தாயா என்பார். நானும் ஓம் ஓம் என்று விட்டுவிடுவேன். அந்த ஓம்தான் பிறகு என்னை மலையில் கொண்டுபோய் மாட்டிவைத்தது.

நான் சேர்ந்து இருபத்தாறாவது வருடம், டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம். வான் ஓட்டம் நின்றுபோனது. கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து தந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஹாஜியாரின் வலது கண் ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டது. கண்டியில் அவருக்கு வருடக்கணக்காகப் பார்த்து வந்த கண் டொக்டர் ஒருவர் இருந்தார். அவர் வெளிநாடு போகப் புறப்பட்டுவிட்டார். போவதற்கு முன் கடைசியாக ஒரு நாள் ஒப்பரேஷன் செய்கிறாராம், பகல் பன்னிரண்டுக்குள் வந்து படுத்தால் செய்துவிடலாம், பிந்தினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டெலிபோனில் சொன்னார். அடுத்த டொக்டர் எப்போது கிடைப்பார் என்று யாருக்கும் தெரியாது. கண் அதுவரைக்கும் தாங்காது என்பது மட்டும் தெரியும். இருந்தது அந்த ஒரு கண்தான்.

தாங்கியில் போய்வர மட்டுமட்டாக டீசல் இருந்தது. வழியில் வாங்குகிற கதையே இல்லை. விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். முன்னால் ஹாஜியார், இரண்டு கையிலும் கருவி. பின்னால் அவருடைய மனைவி சுபைதா ராத்தா, மடியில் சோற்றுப் பார்சல். ராத்தா அதிகம் கதைக்கமாட்டா. கதைத்தால் ஹாஜியார் கதைக்கமாட்டார்.

அம்பாறையிலேயே நேரம் வழுக்கியது. பெற்றோல் செட் வரிசை ரோட்டையே அடைத்துக்கொண்டு கிடந்தது, அதைத் தாண்ட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. மகாஓயாவுக்கு அப்பால் ஒரு யானை ரோட்டோரத்தில் நின்று எங்களை ஆறுதலாகப் பார்த்தது. அதற்கும் அரை மணித்தியாலம். ஹாஜியார் இதற்கெல்லாம் கவலைப்படவில்லை. நின்று எடுத்ததில் கியர் எத்தனை கூடிப்போனது என்பதுதான் கவலை. மஹியங்கனை தாண்டி, ஹசலக்கவும் தாண்டி, அந்தப் பதினெட்டு வளைவு மலையடிக்கு வந்தபோது மணி பத்தாகப் போகிறது.

அந்த மலையில் அதற்கு முன் நான் ஏறியதில்லை. பாலத்தில் ஏறிய அனுபவம்தான். என்ன பெரிய மலை, நீளமான பாலம்தானே என்று நினைத்து மூன்றாம் கியரிலேயே முதல் வளைவுக்குள் போனேன். வான் உதறியது. பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. எக்ஸிலேட்டரை அடிமட்டும் மிதித்தும் வேகம் வரவில்லை, பின்னால் கறுப்புப் புகைதான் வந்தது. இஞ்சின் சூட்டு முள் மேலே போனது. அந்தக் கறுப்புப் புகை வேறொன்றும் இல்லை, எரியாமல் போகிற டீசல். கியரை மிச்சம்பிடிக்கிறேன் என்று டீசலை மலைக்குத் தாரைவார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டுக்கு இறக்கினேன். இஞ்சின் ஒரு தரம் உறுமிவிட்டு மூச்சு வந்த மாதிரி இழுத்தது. புகை தெளிந்தது. இடக்கையில் 'டிக்'. கொஞ்சம் நேரான இடத்தில் மூன்று, டிக். வளைவுக்கு முன் இரண்டு, டிக். ஒரு மோசமான வளைவில் ஒன்று, டிக். ஐந்தாம் வளைவில் ஹாஜியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"நிப்பாட்டுடா ஆதம். வான திருப்பு."

"கண்ணு, ஹாஜியார்?"

"கண்ணுக்கு அல்லாஹ் இரிக்கான். டீசல் முடிஞ்சி இந்தக் காட்டுக்குள்ள நிண்டா இவள நான் என்ன செய்யிற?"

அவர் சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே பயந்துபோயிருந்தார். கண் தெரியாத மனிதருக்குக் காதில் கேட்டதெல்லாம் டீசல் போகிற சத்தம்தான். நான் விளங்கப்படுத்தினேன். சமதரை வேறு, மலை வேறு, இங்கே கியரை இறக்கினால்தான் டீசல் மிஞ்சும் என்றேன். இருபது வருடத்துக்கு மேலாக ஓம் ஓம் என்றவன் இப்போது மட்டும் இல்லை என்றால் யார் நம்புவார்? கதவுப் பிடியில் கைவைத்துவிட்டார், இறங்கி நடந்தாவது திரும்பிப் போகப்போகிறாராம். இந்த வளைவில் திருப்ப ஏலாது, மேலே இடம் இருக்கிறது, அங்கே போய்த் திருப்புகிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். சரி, அதுவரைக்கும் எண்ணிக்கொண்டு வருவேன், கூடினால் திருப்புவாய் என்று கருவியைப் பூச்சியத்துக்கு மாற்றினார்.

அப்போதுதான் பின்னாலிருந்து சுபைதா ராத்தா வாயைத் திறந்தா. மலையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, ஸலவாத்து ஓதிக்கொண்டு போவோம், நீங்களும் சேர்ந்து ஓதுங்கள் என்றா. நபியின் பேரில் ஸலவாத்துச் சொல்லச் சொன்னால் எங்களவரில் எவர் மாட்டேன் என்பார்? ஹாஜியார் ஓதத் தொடங்கினார். வலக்கை எண்ணத் தொடங்கியது.

கண்ணாடியில் பார்த்தேன். ராத்தாவின் பார்வை என் முகத்தில் இல்லை, என் இடது கையில் இருந்தது. கை கியரில் போய் விழுகிற நேரம் பார்த்து ராத்தா உரத்த குரலில் ஸலவாத்தை எடுப்பா. இஞ்சின் உறுமுகிற சத்தம் அதற்குள் அமுங்கிவிடும். ஹாஜியார் பதிலுக்கு ஓதி, வலக்கையை அழுத்தி முடிக்கும்போது நான் இரண்டில் போய்க்கொண்டிருப்பேன். எட்டாம் வளைவு, ஒன்பதாம் வளைவு. கை போகிறது, ராத்தா ஓதுகிறா, ஹாஜியார் ஓதுகிறார், கியர் விழுகிறது. பன்னிரண்டாம் வளைவில் ராத்தாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. நான் கையை வைத்துக்கொண்டு காத்திருக்க, வான் உதறத் தொடங்க, ராத்தா ஒரு தும்மல் தும்மினா பாருங்கள், அது மலையில் மோதித் திரும்பி வந்தது. தும்மிவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றா. கேட்டவர் யர்ஹமுகல்லாஹ் சொல்லத்தானே வேண்டும்? ஹாஜியார் சொன்னார், நான் இறக்கினேன். அதற்குப் பிறகு ஸலவாத்தும் தும்மலும் மாறி மாறி வந்தன. உனக்குக் குளிர் பிடித்துவிட்டது என்று ஹாஜியார் கவலைப்பட்டார்.

நான் அழுதுகொண்டு சிரித்தேன், சிரித்துக்கொண்டு ஓட்டினேன். என் வாழ்நாளில் அப்படிக் கியர் போட்டதில்லை. இஞ்சின் கேவவும் விடவில்லை, கத்தவும் விடவில்லை. சூட்டு முள் இறங்கி வழமையான இடத்தில் நின்றது.

மலைக்கு மேலே வந்ததும் ஹாஜியார் இடக்கையை நீட்டினார்.

"என்ன இலக்கம்டா?"

"பதினொண்டு, ஹாஜியார்."

நான் பொய் சொல்லவில்லை. கருவியில் பதினொன்றுதான் இருந்தது. அவருடைய முகம் மலர்ந்ததே, அதை ராத்தாவும் கண்ணாடியில் பார்த்தா. "பதினொரு கியரில மல ஏறியிரிக்கம்! மாஷா அல்லாஹ்! பிறகென்னத்துக்குத் திருப்புற? ஓட்டுடா!"

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினேன். தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போதும் டொக்டரிடம் பதினொரு கியர்க் கதையைச் சொல்லிக்கொண்டுதான் போனார். ராத்தாவும் நானும் வெளியே வாங்கில் உட்கார்ந்தோம். சோற்றுப் பார்சல் திறக்கவில்லை. இப்படி ஏமாற்றியது பாவமில்லையா என்று மெல்லக் கேட்டேன். "ஸலவாத்துக்கு நன்ம எழுதுவாங்க. டீசலுக்கு ஆரு எழுதுற?" என்று சொல்லிவிட்டு ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா. தோள் குலுங்கியது. சிரிக்கிறாவா அழுகிறாவா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். தெரிந்தது. சுவரிலிருந்த கலண்டரைக் கட்டிலில் இருந்தபடியே வாசித்தார். ராத்தாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, மெலிந்துபோய்விட்டாய் என்றார். கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள், கண்ணைக் கசக்கக்கூடாது, தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும்போது, மலையில் ஏறிய அதே கியரிலேயே வானை இறக்கினேன். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று முன்பெல்லாம் பாலத்தில் சொல்லுவார். மலையில் அப்படி விட்டால் டீசல் மட்டும்தான் மிஞ்சும், நாங்கள் மிஞ்சமாட்டோம். அவர் முதலில் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். நான்கைந்து வளைவு கழிந்ததும் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு என் இடது கையைப் பார்க்கத் தொடங்கினார். இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. என் கை கூசியது. லைசன் எடுக்கப் போன நாளில்கூட அப்படிக் கூசவில்லை.

"ஏறக்குள்ளயும் இப்படித்தானா மாத்தின?"

"ஓம், ஹாஜியார்."

"எத்தின தரம்?"

"நீங்க ஸலவாத்துச் சொன்ன அளவுக்கு."

பின்னால் ராத்தாவுக்குத் திடீரென்று நித்திரை வந்துவிட்டது. தலை சாய்ந்து கிடந்தா. நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏச்சு வரவில்லை. அவர் என் கையை விட்டுவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளச்சை மிதித்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும் என் இடது முழங்கால் நடுங்கும். அது எப்போது தொடங்கியது என்று எனக்கே நினைவில்லை. வான் ஓடிக்கொண்டிருக்கும்போது யார் அதையெல்லாம் பார்ப்பது? ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். போடுங்கள், டொக்டர் சொன்னதைக் கேளுங்கள் என்றேன். கேட்கவில்லை. என் தலையிலிருந்து தாடி வரைக்கும் ஆறுதலாகப் பார்த்தார்.

"நீ எப்படா கெழவனான?"

நான் அவரிடம் சேரும்போது மீசை கறுகறுவென்று இருந்தது. அவர் கடைசியாக என்னைச் சரியாகப் பார்த்தது அந்த முகத்தோடுதான். பிறகு வந்த வருடமெல்லாம் என் குரலைத்தான் கேட்டிருக்கிறார். குரல் நரைக்காதே.

"வீட்ட போனதும் சாவிய வெச்சிரு. போதும். இனி இரி."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. யார் இந்த மனிதரைப் பன்னிரண்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது? யாருடைய முழங்கால் அந்தப் பதினெட்டு வளைவையும் மிதித்தது? அதை அப்படியே கேட்டேன். இந்தக் கண்ணைக் கொண்டுவந்து தந்தவனுக்கு இதுதானா என்று கேட்டேன்.

"அந்தக் கண்ணாலதான்டா பாத்தன்," என்றார். அவருடைய கண் நிறைந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று பின்னாலிருந்து ராத்தா அதட்டினா. நித்திரை அதற்குள் தெளிந்துவிட்டது. எட்டித் தன் முந்தானையால் அவருடைய கன்னத்தை மட்டும் ஒற்றிவிட்டா.

அம்பாறை வரைக்கும் நான் அவரோடு கதைக்கவில்லை. மனதுக்குள் ஏசிக்கொண்டே ஓட்டினேன். சமதரை வந்ததும் இரண்டில் எடுத்து நான்குக்குத் தாவாமல், மூன்றையும் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். அவர் ரோட்டோர வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லுகிற நேரம் அவருடைய வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். தாங்கியில் இன்னும் டீசல் கிடந்தது. இஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, அவர் கையில் வைத்தேன். இறங்கலாம் என்று காலைத் தூக்கினால் முழங்கால் மடியவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டது. ஹாஜியார் தன் பக்கத்துக் கதவைத் திறந்து தானாக இறங்கினார். பார்வை மங்கிய நாளிலிருந்து என் தோளைப் பிடிக்காமல் அவர் அந்த வானிலிருந்து இறங்கியதேயில்லை. வானின் முன்பக்கத்தால் சுற்றி, எங்கேயும் தட்டுப்படாமல், கல்லைப் பார்த்துக் காலை வைத்து நடந்து என் பக்கம் வந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய தோளைப் பிடித்து இறங்கினேன்.